உலைக்கு அளந்த அரிசி

அன்றைக்கு ஆவுடையம்மாள் மடத்துக்குள் நுழைந்தபோது கும்பிடுகூடப் போடவில்லை. செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று வாசலிலும் மற்றொன்று துளசிச் செடிக்குப் பக்கத்திலும் போய் விழுந்தன.

தாயார் முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாங்கக்கா" என்றார்.

தாயார் என்றதும் நரைத்த தலையை நினைத்துவிடாதீர்கள். ஆவுடையம்மாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அதை விட்டுவிட்டு இந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்து, காலையும் மாலையும் பிரார்த்தனையும் மத்தியானம் கஞ்சியுமாக இருந்துவிட்டார். ஊர் அவரைத் தாயார் என்றது. அவரோ தன்னிடம் நல்ல வார்த்தை கேட்க வந்த ஆவுடையம்மாளை அக்கா என்றார். கேட்பவள் அக்கா, சொல்பவர் தாயார். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

"தாயே, எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும்."

"என்ன வார்த்தை?"

"ரெட்யூஸ்."

"குறைக்கிறது."

"அது எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரைப் பாத்து டாக்டர் 'சோத்தை ரெட்யூஸ் பண்ணுங்க'ன்னாரு. சரி, அவரு நல்லதுக்குச் சொல்லுதாரு. டெய்லர் 'ஜாக்கெட் கையை ரெட்யூஸ் பண்ணவாம்மா'ன்னு கேக்கான். மக போன்ல, 'சாமி பாட்டு சத்தத்தை ரெட்யூஸ் பண்ணும்மா, நீ பேசுறதே கேக்கலை'ங்கா. இதெல்லாம் கேட்டு எனக்கு ஒரு நாளும் வயிறு எரியலை. அதே வார்த்தை சங்கரபாகம் அண்ணாச்சி வாயில வந்தா மட்டும் ஏன் பத்திக்கிட்டு எரியுது? அந்த அர்த்தத்தைச் சொல்லுங்க."

தாயார் சுளகைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

சங்கரபாகம் அண்ணாச்சி பெரிய பாத்திரக் கடைக்காரர். மடத்துக் கமிட்டியின் தலைவர். கஞ்சி காய்ச்சும் அண்டா அவர் கொடுத்தது. அண்டாவின் வயிற்றில் அவர் பேரும் இருக்கும்.

"சனிக்கிழமையிலேருந்து ரெட்யூஸ் பண்ணணுமாம். ஆளுக்கு ஒரு அகப்பை கஞ்சி. மறுதரம் கிடையாது. தூக்குச்சட்டியில ஊத்திக் குடுக்கிறது கிடையவே கிடையாது. வந்து உக்காந்து குடிச்சாத்தான் உண்டு. காரை விட்டு இறங்கலை தாயே! கண்ணாடியை இறக்கினாரு, சொன்னாரு, கண்ணாடியை ஏத்திக்கிட்டாரு."

"அரிசி வரத்து குறைஞ்சிருக்கே அக்கா. அவர் பொய் சொல்லலையே."

"குறையட்டும்! அதுக்கு பிரம்மசக்தியோட தூக்குச்சட்டிதான் அவரு கண்ணுக்குப் பட்டுச்சா?"

மடத்துக்கு எதிரேதான் பெரிய ஆஸ்பத்திரி. மத்தியானம் கஞ்சி குடிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். உள்ளே படுத்திருப்பவருக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. பிரம்மசக்தியின் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தான். அவளும் மாமியாருமாகப் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்குச் சாலையைக் கடந்து வர முடியாது. கண்ணும் சரியில்லை, முழங்காலும் சரியில்லை. அதனால் பிரம்மசக்தி இங்கே உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு, அத்தைக்குத் தூக்குச்சட்டியில் வாங்கிப் போவாள். அப்படி வருகிறவர்கள் வரிசையில் பாதிப் பேர் இருந்தார்கள்.

"அந்தக் கிழவி இனிமே பட்டினி கிடக்கணும். அதுக்குப் பேரு ரெட்யூஸாம். தாயே, நான் பாத்துட்டேன், அந்த வார்த்தையைச் சொல்லுதவங்க கண்ணு எப்பவும் அடுத்தவங்க தட்டு மேலதான் இருக்கு."

தாயார் கேட்டார்:

"அக்கா, நம்ம மடத்துக்கு அரிசி எப்படி வருது?"

"இது என்ன கேள்வி? பிடியரிசிதான்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிடியரிசி வாங்க வீடு வீடாப் போவீங்கல்ல? கொஞ்சம் முன்னாடியே, உலை வைக்கிற நேரத்துக்குப் போங்க. பிடியை எங்கேயிருந்து எடுக்காங்கன்னு பாத்துட்டு வாங்க."

"நான் அர்த்தம் கேட்டா நீங்க ஊரைச் சுத்தச் சொல்லுதீங்களே."

"பாத்துட்டு வாங்க" என்றார் தாயார். மறுபடியும் சுளகை எடுத்துக்கொண்டார்.

பிடியரிசி தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சோறு வடிக்க அரிசி அளந்ததும், அடுப்பில் போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, கடவுளை நினைத்து, தனிப்பானையில் போட வேண்டும். வாரம் முடிந்ததும் மடத்திலிருந்து வந்து வாங்கிப் போவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பிடி. அப்படித்தான் அந்த அண்டா நிறைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆவுடையம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

புதுத் தெருவில் அடுக்குமாடி வீட்டில் ஒரு சின்னப் பெண் கதவைத் திறந்தாள். காதில் போன், கையில் கரண்டி.

"ஆன்ட்டி, உங்களுக்கு ஒரு பாக்கெட் அரிசி ஆர்டர் போட்டிருக்கேன். இன்னும் டெலிவரி ஆகலை. வந்ததும் மொத்தமா வாங்கிக்கிடுதீங்களா?"

"பிடியரிசிம்மா. வீட்டு அரிசியில ஒரு பிடி."

"அதுக்குப் பதிலாத்தான் ஆன்ட்டி இது."

இப்படியே நாலைந்து வீடு. கடைசியில் சங்கரபாகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி தெய்வானை சமையல்கட்டில் இருந்தாள். நல்ல மனுஷி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெய்வானை உழக்கில் அரிசி அளந்தாள், களைந்தாள், குக்கரில் போட்டு மூடினாள். பிடி எடுக்கவில்லை.

"மடத்து அரிசிதானே மதினி? மாடிப்படிக்குக் கீழே இருக்கு. இதுக்குன்னே ஒரு மூட்டை தனியா வாங்கிப் போட்டுருவோம். உங்க அண்ணாச்சிக்குச் சோறு கையில ஒட்டக் கூடாது. அதனால வீட்டு அரிசி வேற, மடத்து அரிசி வேற."

"மதினி, பிடியரிசின்னா உலைக்கு அளந்ததுலேருந்துல்லா எடுக்கணும்?"

தெய்வானை கண்ணை விரித்தாள்.

"அளந்ததுல எடுத்தா அளவு குறைஞ்சிருமே!"

கபடமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் ஆவுடையம்மாள் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மடத்துக்கு வந்து சேரும்போது அவள் முகம் சிவந்திருந்தது. வெயிலும் ஒரு காரணம்.

"பாத்துட்டு வந்துட்டேன் தாயே! நல்லாப் பாத்துட்டு வந்துட்டேன். ஒருத்தி வீட்ல கடையிலேருந்து வரணுமாம். அந்த மகராசன் வீட்ல மடத்துக்குத் தனி மூட்டையாம். அவரு சாப்பிடுத அரிசியில கை வைக்கக் கூடாதாம், அளவு குறைஞ்சிருமாம்! அவரு வீட்டு உழக்குல ஒரு பிடி குறையக் கூடாது, இங்க கண்ணு தெரியாத கிழவிக்குச் சட்டியோட குறைக்கலாம். இது எந்த ஊரு நியாயம்?"

"ம்."

"'ம்'முன்னா போதுமா? கேளுங்க தாயே அந்த ஆளை. நாலு பேர் முன்னால கேளுங்க!"

தாயார் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உங்க வீட்டுல எங்கேயிருந்து எடுப்பீங்கக்கா?"

"நானா? நான் ஒரு நாள் தவற மாட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலேருந்து..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

அவள் முதலில் அளந்த அரிசியை அப்படியே உலையில் போடுவாள். பிறகு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுவிட்டு, பானையில் போடுவாள். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது பழகிய பழக்கம். வளர்கிற பிள்ளைகள் சோற்றில் கை வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? பிள்ளைகள் வளர்ந்து, மூத்தவன் பட்டணத்துக்கும் மகள் புகுந்த வீட்டுக்கும் போய்விட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை.

அவளுக்குக் கோபம் இன்னும் கூடிற்று.

"அதனால என்ன தாயே? மூட்டையும் எங்க வீட்டு மூட்டைதானே? பிடி பிடிதானே? மூட்டையிலேருந்து எடுத்தா என்ன, அளந்ததுலேருந்து எடுத்தா என்ன? என்னையும் அந்த அண்ணாச்சியையும் ஒரே தட்டுல வச்சு நிறுக்குதீங்களா?"

"நான் யாரையும் நிறுக்கலை. வித்தியாசம் இல்லைன்னு நீங்கதான் சொல்றீங்க. அப்போ நாளைக்கு ஒரு நாள் மாத்தி எடுத்துப் பாருங்களேன்."

"நான் கேட்ட வார்த்தைக்கு அர்த்தம்?"

தாயார் மாலைப் பிரார்த்தனைக்கு விளக்குத் துடைக்கப் போய்விட்டார்.

ஆவுடையம்மாளும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டாள். போகும் வழியெல்லாம் அண்ணாச்சியைத் திட்டினாள். பாலம் தாண்டியதும் தாயாரையும் கொஞ்சம் திட்டிக்கொண்டாள். பிள்ளையார் கோயில் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. உலை கொதித்தது. அவள் உழக்கில் தலை தட்டி அரிசி அளந்தாள். அதிலிருந்தே ஒரு பிடி அள்ளினாள்.

உழக்கில் குழி விழுந்தது.

அந்தக் குழியைப் பார்த்ததும் இன்னொரு கை தானாக மூட்டைப் பக்கம் போயிற்று, ஈடுகட்ட. அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். நிஜமாகவே இந்தக் கையால் அந்தக் கையைப் பிடித்தாள். பிடியைப் பானையில் போட்டாள். குழி விழுந்த அரிசியை உலையில் போட்டாள். அன்றைக்குச் சாமி கும்பிட மறந்துவிட்டாள்.

அவள் புருஷன் ஆறுமுகநயினார் சாப்பிட உட்கார்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணிப் பார்த்துப் பழகியவர். தட்டைப் பார்த்தார்.

"என்னளா, சோத்துல கை வச்சிட்டியா?"

"டாக்டர்தான் ரெட்யூஸ் பண்ணச் சொல்லியிருக்காருல்லா? பேசாம சாப்பிடுங்க."

வீட்டோடு இருந்த இளைய மகன் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான். போட்டாள். "குழம்பு நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம்" என்றான். போட்டாள். அவள் தட்டுக்கு வரும்போது பானையில் அடிச்சோறுதான் இருந்தது. சுரண்டிப் போட்டுக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது வாய்க்குத் தட்டில் ஒன்றும் இல்லை.

இத்தனை வருஷம் பிடியரிசி போட்டவள், அன்றைக்குத்தான் பிடியரிசி போட்டாள்.

மடத்துக்கு நடந்து போகும்போது வயிறு கேட்டது. அவளுக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. தாயார் மேல் இல்லை. தெய்வானை மேல் இல்லை. தன் மேல் கொஞ்சம் இருந்தது. மற்றதெல்லாம் காரை விட்டு இறங்காத அந்த மனுஷர் மேல் அப்படியே இருந்தது. குறையவே இல்லை.

அன்றைக்கு அவர் இறங்கியிருந்தார். புது உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். பார்த்து முடிய நேரமாகும் என்று வீட்டிலிருந்து அடுக்குக் கேரியரில் சாப்பாடு வந்திருந்தது. டிரைவர் அதைச் சுவரோரப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வரிசையிலிருந்த ஒரு தாத்தா சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாண வாசல்ல பொண்ணு வீட்டுக்காரர் மாதிரி நிக்கீங்க! வாங்க வாங்கன்னு சொல்லத்தானே?"

வரிசை சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார்.

"சொல்லுதேன் பெரியவரே. வாங்க, குடிங்க, ஆனா ஒரு தரம்தான். அரிசி இல்லை. நானா வச்சுக்கிட்டு இல்லேங்கேன்?"

ஆவுடையம்மாள் அகப்பையைப் பிடித்தாள். மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊற்றிக் கொடுக்கிறவர்களுக்கான கஞ்சியை முதலிலேயே கிண்ணத்தில் ஊற்றி, துவையல் வைத்து, உள்ளே மூடி வைத்துவிடுவார்கள். கடைசியில் அண்டா காலியானாலும் அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக. ஊற்றிக்கொண்டே இருந்தபோது அவள் நினைப்பெல்லாம் அந்தக் கிண்ணத்தின் மேல்தான் இருந்தது.

பிரம்மசக்தி வந்தாள். கையில் தூக்குச்சட்டி.

"உக்காரும்மா, ஊத்துதேன்" என்றாள் ஆவுடையம்மாள் மெதுவாக.

"எனக்கு வேண்டாம்க்கா. புது உத்தரவு சொன்னாங்க. என் பங்கை அத்தைக்கு ஊத்திருங்க. நான் ஒரு டீ குடிச்சிக்கிடுவேன்."

ஆவுடையம்மாள் அகப்பையைத் தூக்கினாள். அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"சட்டியில கிடையாதும்மா. வந்தவங்க இங்க உக்காந்து குடிக்கலாம்."

"என் பங்குதான் அய்யா."

"உன் பங்கை நீ குடி. உனக்கு ஊத்தினா நாளைக்கு ஊரே சட்டியைத் தூக்கிக்கிட்டு வரும். ஒரு இடத்துல ரெட்யூஸ் பண்ணாட்டா எல்லாருக்கும் இல்லாமப் போயிரும். உனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"அத்தை நேத்து ராத்திரியும் ஒண்ணும் சாப்பிடலை அய்யா. கேட்டா, எனக்குப் பசிக்கலைங்காவ."

"ஆஸ்பத்திரி வாசல்ல பன் விக்கானே."

பிரம்மசக்தி சட்டியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திருப்பித் திருப்பி மூடினாள். அழவில்லை. உட்காரவும் இல்லை.

ஆவுடையம்மாள் அகப்பையை அண்டாவின் மேல் குறுக்கே வைத்தாள். உள்ளே போனாள். தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பிரம்மசக்தியின் கையிலிருந்த சட்டியைத் தானே வாங்கித் திறந்து, கஞ்சியைச் சிந்தாமல் ஊற்றினாள். துவையலை வழித்துப் போட்டாள். மூடியை ஒரே அழுத்தில் அமுக்கிக் கொடுத்தாள்.

"நீ உக்காந்து உன் பங்கைக் குடிச்சிட்டு, இதை அத்தைகிட்ட கொண்டு போ."

"ஏய் ஆவுடை, என்ன பண்ணுதே?" என்றார் அண்ணாச்சி.

"ரெட்யூஸ் பண்ணுதேன், அண்ணாச்சி."

காலிக் கிண்ணத்தை அண்டாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணாச்சியின் முகம் கருத்தது. கூடத்தைத் தாண்டிப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"தாயே! உங்க சிஷ்யை செய்யுத காரியத்தைப் பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன், இவ என்ன பண்ணுதா? இப்படி ஒருத்தருக்குச் செஞ்சா, பின்னால நிக்கவங்க கேக்க மாட்டாங்களா?"

கேட்டார்கள்தான். பின்னால் நின்ற தாத்தா தயங்கித் தயங்கித் தன் எவர்சில்வர் டப்பாவை நீட்டிவிட்டார். அவர் வீட்டு ஆளும் ஒருவர் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருந்தார்.

தாயார் வந்தார். கோபித்துக்கொண்டிருக்கும் இருவரையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தன் கிண்ணத்தை எடுத்து வந்து, அந்த டப்பாவில் ஊற்றினார். துளிகூட மிச்சம் வைக்கவில்லை. காலிக் கிண்ணத்தை ஆவுடையம்மாளின் காலிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

தாத்தாவுக்குப் பின்னால் இன்னொரு சட்டி நீண்டது. அதற்கும் பின்னால் ஒன்று.

அண்ணாச்சியின் சாப்பாட்டுக் கேரியர் மூடியபடி பெஞ்சிலேயே இருந்தது. வரிசையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. அண்ணாச்சிதான் பார்த்தார்.

"வரிசை இன்னும் முடியலை, அண்ணாச்சி" என்றார் தாயார்.